பிள்ளையின் கட்டிலுக்குத் தடுப்பு: பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் அப்பாவின் தச்சுப்பட்டறையில் ஓடர் எழுதுவதும் வீடுகளுக்குப் போய் அளவெடுப்பதும் என் வேலை. கதவு, யன்னல், அலுமாரியோடு பிள்ளைகளின் கட்டிலுக்குத் தடுப்பும் செய்து கொடுக்கிறோம். அளவு நாடாவை விரிக்கும் முன்பே கேள்விகள் தொடங்கிவிடும். உவர்மலையிலும் அதே கேள்வி, மூதூரிலும் அதே கேள்வி. இத்தனை நாளும் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வருகிற எல்லாரும் பிள்ளை விழுந்துவிடுமே என்ற பயத்தோடுதான் வருகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது: தடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் பிள்ளை சிக்கிக்கொள்வது. விழுந்த பிள்ளை அழும், நாம் ஓடிப் போவோம். மூக்கும் வாயும் அழுந்தச் சிக்கிய பிள்ளையால் அழவும் முடியாது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இடைவெளியைப் பற்றியதாக இருப்பது அதனால்தான்.

"கட்டில் தடுப்பு எண்டா என்ன? தொட்டில் மாதிரியா?"

இல்லை. தொட்டில் நாலு பக்கமும் அடைத்து, கைக்குழந்தைக்கென்றே செய்தது. தடுப்பு என்பது பெரியவர்களின் கட்டிலில் ஒரு பக்கம் வைக்கும் சின்ன வேலி. நித்திரையில் உருளும் பிள்ளையைத் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. விழித்திருக்கும் பிள்ளையை அடைத்து வைக்க அது உதவாது.

இரண்டு வகை இருக்கின்றன. கடையில் வாங்குவதும் வெளிநாட்டிலிருந்து வருவதும் பெரும்பாலும் இரும்புக் குழாயில் வலைத்துணி போட்டவை. அவற்றின் இரண்டு கைகளும் மெத்தைக்கு அடியில் போகும், மெத்தையின் பாரமும் கட்டிலின் மறுபக்கத்தில் கட்டும் வாரும்தான் பிடித்து வைக்கும். நாங்கள் செய்வது மரத்தில், கட்டில் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குவது.

"மகளுக்கு ஏழு மாசம். புரண்டு புரண்டு படுக்கிறா. இப்பவே ஒண்டு போடலாமா?"

கூடாது. இந்த வயதுக்கு நாங்கள் ஓடர் எடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், பரவாயில்லை. பி.எஸ். 7972 என்ற பிரித்தானியத் தரம் இந்தத் தடுப்புகளை 18 மாதம் முதல் 5 வயது வரைக்கும் என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2012இல் வந்த விதி 2 முதல் 5 வயது என்கிறது, அதுவும் பெரிய கட்டிலில் தானாக ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு.

வயதைவிட அந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். ஏழு மாதப் பிள்ளை புரண்டு போய்த் தடுப்பின் ஓரத்தில் முகம் அழுந்தினால் தன்னை இழுத்தெடுக்கும் பலம் அதற்கு இல்லை. ஏறி இறங்கும் பிள்ளை கையை ஊன்றி விலகும். உங்கள் பிள்ளை கட்டிலில் இருந்து பின்பக்கமாகத் திரும்பி, காலை விட்டு, தரையைத் தொட்டு இறங்குகிறாவா என்று பாருங்கள். அது வந்த பிறகு வாருங்கள்.

"அப்ப கைக்குழந்தையை எங்க கிடத்துறது அக்கா? தொட்டில் வாங்க இப்ப வசதியில்லை."

தரையில். எங்கள் வீடுகளில் பாய் போட்டுப் படுத்து வளராதவர்கள் யார்? பாயின் மேல் கெட்டியான, மட்டமான மெல்லிய மெத்தை, இறுக்கமாகச் செருகிய விரிப்பு, பிள்ளையை மல்லாக்கக் கிடத்துவது, அவ்வளவுதான். தலையணை வேண்டாம், உருளைத் தலையணையால் அணை கட்டவும் வேண்டாம். மெத்தையைச் சுவரோடு ஒட்டாமல் நன்றாகத் தள்ளிப் போடுங்கள். உங்கள் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில் கிடத்துங்கள்.

தரை என்றால் பூச்சி பொட்டு பயம் வரும், நியாயமான பயம். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் நித்திரை கொள்கிறவர்களைத்தான் அதிகம் தீண்டும். நுளம்பு வலையின் நாலு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகி, கதவின் கீழ் இடைவெளியை அடைத்துவிட்டுப் படுங்கள். கதவுக்கு அடிப்பலகை அடித்துத் தரச் சொன்னால் அதே நாளில் செய்து தருவோம், தடுப்பைவிட மலிவு. ஏணையைப் பற்றியும் கேட்பார்கள். பகலில் ஆள் பக்கத்தில் இருந்து ஆட்டும்போது சரி. இரவு முழுக்க விடாதீர்கள். துணி வளைவதால் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படலாம்.

"கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போட்டா ஒரு பக்கத்துக்கு மட்டும் தடுப்பு போதும்தானே?"

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அளவெடுக்கப் போகும் வீடுகளில் முதலில் பார்ப்பது அந்தச் சுவர்ப்பக்கத்தைத்தான். கட்டில் மெல்ல மெல்ல நகரும். சீமெந்துத் தரையில் வழுக்கும், டைல்ஸ் போட்ட தரையில் இன்னும் வழுக்கும். காலையில் கூட்டும்போது நகர்த்திவிட்டுத் திரும்பத் தள்ள மறந்துவிடுவோம். அந்த நாலு விரல் இடைவெளியில் பிள்ளை இறங்கினால் மேலே வர வழியில்லை.

சுவரோடு போடுவதென்றால் கட்டிலின் கால் நகராமல் தரையில் கட்டையடித்து நிறுத்த வேண்டும், அல்லது கட்டிலைச் சுவரோடு பூட்ட வேண்டும். முடியாவிட்டால் கட்டிலை ஒன்றரை அடி தள்ளிப் போட்டு, இரண்டு பக்கமும் தடுப்பு வையுங்கள். ஒட்டியும் ஒட்டாமலும் விடுவதுதான் கூடாதது.

"உயரம், நீளம் எவ்வளவு எடுக்கிறது?"

மெத்தை போட்டு, அதில் ஒரு பெரியவர் இருந்து அமுக்கி எழும்பிய பிறகு அளக்கிறோம். மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து தடுப்பின் உச்சி வரை எங்கள் பட்டறைக் கணக்கு 8 அங்குலம். தடுப்பின் அடிச்சட்டம் மெத்தையின் மேல்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியால் கால் போகும், பிறகு இடுப்பும் போகும். தலை மட்டும் போகாது.

நீளத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு நுனிகளும். தலைமாட்டுப் பலகைக்கும் தடுப்பின் நுனிக்கும் நடுவில் ஒன்றில் இடைவெளியே இருக்கக்கூடாது, இல்லையென்றால் பிள்ளை முழுதாக வெளியே வரும் அளவுக்கு இருக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கு குறைந்தது 9 அங்குலம், பிரித்தானியக் கணக்கு 25 சென்ரிமீற்றர். நாங்கள் 10 அங்குலம் விடுகிறோம். 6 அடிக் கட்டிலில் தலைமாட்டில் 10 அங்குலம், பிறகு மூன்றரை அடித் தடுப்பு, கால்மாட்டில் மிச்சம் 20 அங்குலம். அந்த 20 அங்குலம் பிள்ளை இறங்குவதற்கான வழி. அதையும் அடைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. வழி இல்லாத பிள்ளை மேலால்தான் ஏறும்.

கம்புகள் நெடுக்காக நிற்க வேண்டும், கிடையாகப் போட்டால் அது ஏணி. கம்புக்குக் கம்பு 6 சென்ரிமீற்றருக்கு மேல் விடுவதில்லை. வீட்டில் சோதிப்பதற்குச் சோடா ரின் ஒன்று போதும். கம்புகளுக்கு நடுவால் அது நுழைந்தால் இடைவெளி கூட.

"லண்டன்ல இருந்து மச்சாள் ஒண்டு கொண்டு வந்தவ, புதுசு. அப்படியே போடலாம்தானே?"

பெட்டியில் உள்ள தாளை முதலில் வாசியுங்கள். எந்தத் தடிப்பு மெத்தைக்குச் செய்தது என்று அதில் இருக்கும். அங்கே மெத்தைகள் 8 அங்குலம், 10 அங்குலம். இங்கே பெரும்பாலான வீடுகளில் 4 அல்லது 5 அங்குலத் தும்பு மெத்தை, இல்லாவிட்டால் ஸ்பொன்ச். தடித்த மெத்தைக்குச் செய்ததை மெல்லிய மெத்தையில் போட்டால் வலைத்துணி தொடங்கும் இடம் மெத்தைக்கு மேலே நிற்கும். அடியில் ஒரு வாய் திறந்திருக்கும். பாரமும் போதாது. ஸ்பொன்ச் மெத்தை இலேசு, பிள்ளை சாய்ந்தால் கை வெளியே வழுக்கி வரும்.

இன்னொரு சிக்கல் எங்கள் கட்டில்களில் இருக்கிறது. பழைய முதிரைக் கட்டில்களிலும் இப்போது செய்யும் பெட்டிக் கட்டில்களிலும் மெத்தை சட்டத்துக்குள் இறங்கி உட்காரும், பக்கப்பலகை 2 அல்லது 3 அங்குலம் மேலே நிற்கும். இந்தத் தடுப்புகள் தட்டையான கட்டிலில் மெத்தையோடு முட்டிக்கொண்டு நிற்கச் செய்தவை. பக்கப்பலகைக்கு வெளியே நிறுத்தினால் பலகையின் தடிப்பளவு இடைவெளி கட்டாயம் வரும். நார்க் கட்டிலில், கயிற்றுக் கட்டிலில் கை பிடிக்கவே பிடிக்காது.

அன்பாகக் கொண்டுவந்த சாமான், மனம் கேட்காது என்று தெரியும். தட்டையான கட்டில், தாளில் சொன்ன தடிப்புள்ள மெத்தை, வார் முழுவதும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். கட்டிலின் மறுபக்கத்தில் கட்டும் வாரைத் தொலைத்துவிட்டு வெறும் கைகளை மட்டும் செருகியிருப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வார் இல்லாவிட்டால் அந்தத் தடுப்பு இல்லாதது நல்லது.

"இடைவெளி இருக்கா எண்டு எப்படிப் பாக்கிறது? பாத்தா ஒட்டித்தான் நிக்குது."

பார்த்தால் போதாது, தள்ளிப் பார்க்க வேண்டும். கட்டிலில் ஏறி, தடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலை ஊன்றி மெத்தையை அமுக்குங்கள். அதே நேரம் உள்ளங்கையால் தடுப்பை வெளிப்பக்கம் தள்ளுங்கள். மற்றக் கையின் விரல்களை நடுவில் விடுங்கள். ஒரு விரல் சும்மா இறங்கினாலும் சரியில்லை. பிறகு மறுபக்கத்தில் நின்று மெத்தையை உங்கள் பக்கம் இழுங்கள். மெத்தை நகர்ந்தால் இடைவெளி இன்று இல்லாவிட்டாலும் இன்னொரு இரவு வரும்.

இதை நான் படித்தது எங்கள் சொந்த வீட்டில். தங்கச்சியின் மகனுக்கு, என் பெறாமகனுக்கு, அப்போது இரண்டு வயது. தடுப்பு நாங்கள் செய்ததுதான், போல்ட் எல்லாம் இறுக்கம், ஆட்டினாலும் ஆடாது. ஆனால் மெத்தை கட்டிலைவிட 3 அங்குலம் ஒடுக்கம். அதை நான் அளக்கவில்லை. கட்டிலை அளந்தேன், தடுப்பை அளந்தேன், மெத்தையை அளக்கவில்லை. ஒரு விடியற்காலை அவன் கத்தி அழுது ஓடிப் போனால், கால் இரண்டும் தொடை வரைக்கும் இடுக்கில் இறங்கி, நெஞ்சு சட்டத்தில் முட்டி நிற்கிறான். தலைகீழாக விழுந்திருந்தால் அழுகைச் சத்தம் எங்களுக்குக் கேட்டிருக்காது. அன்றிலிருந்து மெத்தையின் அகலத்தை என் கையால் அளக்காமல் ஓடர் எழுதுவதில்லை.

"அந்த இடைவெளியில துவாயைச் சுருட்டி அடைச்சா சரிதானே?"

சரியில்லை. துவாய் அமுங்கும், பிள்ளை காலால் உதைக்க வெளியே வரும், முகத்தில் விழுந்தால் அதுவே ஆபத்து. மெத்தை ஒடுக்கம் என்றால் கட்டிலின் உட்பக்கத்தில் மரத்துண்டு அடித்து மெத்தை நகராமல் நிறுத்தலாம், அல்லது அளவான மெத்தை வாங்கலாம்.

"மரமா இரும்பா நல்லம்? கடற்கரைப் பக்கம் எங்கட வீடு."

திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் மரம் என்பேன். நான் மரவேலைக்காரரின் மகள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. இரும்புக் குழாயின் பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் உப்புக்காற்று உள்ளே போய், வெல்டிங் பொருத்தில் வெளியே தெரியாமல் அரிக்கும். தேக்கும் மஹோகனியும் நல்லவை. மரத்துக்கும் குறை உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து சுருங்கி போல்ட் தளரும், மாரியில் ஊதும். ஆகவே கச்சான் தொடங்கும்போது ஒருமுறை, மாரி தொடங்கும்போது ஒருமுறை போல்ட்டை இறுக்குங்கள். கறள் பிடிக்காத போல்ட்தான் கேளுங்கள். நுனிக்குத் தொப்பி நட் போடச் சொல்லுங்கள்.

வார்னிஷ் பூசினால் இரண்டு கிழமையாவது காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். தடுப்பின் மேல்சட்டத்தைக் கடிக்காத பிள்ளையை நான் இதுவரை காணவில்லை.

"பலட் பலகை மலிவா கிடைக்குது. அதைக் கொண்டு வந்தா செய்து தருவீங்களா?"

சாமான் ஏற்றி வந்த பலட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை சுட்டிருக்கும். அதன் பக்கத்தில் எச்.டி. (HT) என்றிருந்தால் பலகையைச் சூடாக்கிப் பூச்சி கொன்றது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடித்தது. எம்.பி. பலகையைப் பட்டறைக்குள்ளேயே எடுக்க மாட்டோம். எச்.டி. என்றாலும் அதன் மேல் என்ன ஊற்றுப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. பூந்தொட்டி தாங்கி செய்யலாம். பிள்ளை வாய் வைக்கும் சாமான் வேண்டாம்.

"உம்மா எங்களை வளர்த்த தொட்டில் கிண்ணியா வீட்டில கிடக்கு. அதின்ர ஒரு பக்கத்தைக் கழற்றித் தடுப்பாப் போடலாமா?"

மேலும் கீழும் ஏற்றி இறக்கும் பக்கமா என்று பாருங்கள். அந்த வகைத் தொட்டில்களை அமெரிக்காவில் 2011இலிருந்து செய்யவும் விற்கவும் தடை. கொளுவி தேய்ந்து பக்கம் சரிந்து பிள்ளைகள் சிக்கி இறந்ததால்தான் அந்தத் தடை. கட்டிலில் போல்ட் போட இடமும் அதில் இராது. கம்பு இடைவெளிக்கு முன்னே சொன்ன சோடா ரின் சோதனையைச் செய்யுங்கள், பழைய தொட்டில்கள் பல அதில் தோற்கும்.

பெயின்ட்டையும் யோசியுங்கள். இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எனாமல் உரிந்து பொடியாகிறதென்றால் வீட்டுக்குள் வைத்துச் சுரண்டாதீர்கள், அந்தத் தூசியே கெடுதல். உம்மாவின் ஞாபகத்துக்கு வைத்திருக்கும் சாமானைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நல்ல மரமாக இருந்தால் வைத்திருங்கள், பிள்ளையை அதில் படுக்க வைக்காதீர்கள்.

"நுளம்பு வலை தடுப்புக்கு உள்ளுக்கா வெளியிலயா?"

வெளியில். தடுப்பை இறுக்கி, தள்ளிப் பார்க்கும் சோதனையை முடித்த பிறகு, வலை தடுப்பையும் மூடி இறங்கட்டும். உள்ளுக்குச் செருகினால் ஒவ்வொரு இரவும் மெத்தையை இழுத்து இழுத்துச் செருகுவீர்கள், மெத்தை நகரும். வலையின் கயிறும் யன்னல் சேலையின் கயிறும் பிள்ளையின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

"இடமில்லை. மூத்தவருக்கு அஞ்சு வயசு. அடுக்குக் கட்டில் செய்து மேல தடுப்புப் போட்டா?"

6 வயதுக்கு முன் மேல்தட்டு வேண்டாம், எவ்வளவு தடுப்புப் போட்டாலும். ஆறு ஆனபின் செய்தால், மேல்தட்டில் சுவர்ப்பக்கமும் சேர்த்து இரண்டு பக்கமும் தடுப்பு. மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து உயரம் அமெரிக்க விதியில் 5 அங்குலம், ஐரோப்பியத் தரத்தில் 16 சென்ரிமீற்றர். இவை மிகக் குறைந்த அளவுகள். பிறகு தடித்த மெத்தை வாங்கினால் இந்த உயரம் களவு போய்விடும். ஆகவே மெத்தை எவ்வளவு தடிப்பு வரை போடலாம் என்று தடுப்பில் கோடு கீறித் தருகிறோம். மேலே சீலிங் ஃபேன் எங்கே சுற்றுகிறது என்பதையும் முதலே பாருங்கள்.

"மகன் தடுப்புக்கு மேலால ஏறிக் குதிக்கிறான். இன்னும் உயர்த்தித் தாங்க."

உயர்த்த மாட்டேன், கழற்றித் தருகிறேன். 8 அங்குலத்தைத் தாண்டும் பிள்ளை 14 அங்குலத்தையும் தாண்டும், விழும் உயரம்தான் கூடும். ஏறத் தொடங்கிய அன்றே தடுப்பின் காலம் முடிந்தது, வயது மூன்றானாலும் சரி.

கட்டிலின் காலை அறுக்கலாமா என்று இதற்குப் பிறகு கேட்பார்கள். அறுக்கலாம். 20 அங்குலக் கட்டிலை 9 அங்குலத்துக்கு இறக்கி, பக்கத்தில் ஒரு பாயை விரித்துவிட்டால் விழுந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. கடைசல் பிடித்த பழைய கால் என்றால் அறுக்கத் துக்கம் வரும். மெத்தையை மட்டும் கீழே இறக்கிவிட்டு ஒரு வருடம் கட்டிலை ஓரமாக நிறுத்தி வையுங்கள்.

"தடுப்பு இருந்தும் நேற்று விழுந்திட்டா. தலை அடிபட்டது. என்ன பாக்கிறது?"

பட்டறைக்கு வந்து கேட்கும் கேள்வி இதுவல்ல, ஆனாலும் கேட்கிறார்கள். மயங்கினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், எழுப்ப முடியாத நித்திரையாக இருந்தால், வலிப்பு வந்தால், காதாலோ மூக்காலோ நீர் அல்லது இரத்தம் வந்தால் உடனே 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தலை அடிபட விழுந்தால் இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் அழுது தேறி வழக்கம்போல விளையாடினால் ஒரு நாள் கண் வைத்திருங்கள்.

"பிள்ளை வளர்ந்திட்டார். அதே தடுப்பை அப்பம்மாட கட்டிலுக்குப் போடலாமா?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கவலையாக இருக்கும். பலமில்லாத முதியவர்களும், இரவில் தடுமாறும் முதியவர்களும் அதே இடைவெளியில் கழுத்தோ நெஞ்சோ சிக்கி இறந்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கான தடுப்புகளுக்கென்று அமெரிக்காவில் 2023இல் தனி விதியே வந்தது. பிள்ளைக்குச் செய்தது அவர்களின் பாரத்தைத் தாங்கவும் தாங்காது. பிடித்து எழும்பும்போது பெயர்ந்து வரும்.

அப்பம்மாவுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது எழும்பும்போது பிடிக்க ஒன்று. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கைபிடி, கால் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் கட்டில், இரவில் குசினிக்கும் கக்கூசுக்கும் போகும் வழியில் ஒரு சின்ன லைட். கட்டிலின் உயரத்துக்கு, அவ கதிரையில் இருக்கும்போது முழங்காலில் இருந்து தரைக்கு அளந்து கொண்டு வாருங்கள், அதற்கேற்றபடி கால் அடித்துத் தருகிறோம்.